வடசென்னையில் உங்கள் பள்ளியின் வரலாற்றை எழுதுவது எப்படி

பள்ளிக்கு எழுபத்தைந்து, நூறு என்று ஆண்டு நிறையும்போது முன்னாள் மாணவர்கள் கூடி ஒரு மலர் போடுவது வழக்கம். முன்பக்கங்கள் பூராவும் வாழ்த்துச் செய்தி. அப்புறம் தலைமை ஆசிரியர்களின் பட்டியல், பொதுத் தேர்வில் முதலிடம் பிடித்தவர்களின் படம், கடைசியில் விளம்பரம். அந்தப் பிள்ளைகள் மதியம் என்ன சாப்பிட்டார்கள், மழைக்காலத்தில் எப்படி வந்து சேர்ந்தார்கள், எட்டாம் வகுப்போடு ஏன் நின்றார்கள் என்பதற்கு அதில் இடமே இருக்காது.

நான் காசிமேட்டில் பிறந்து, தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படித்து, அதே பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் பள்ளியின் வரலாற்றை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து தொகுத்தோம். மற்ற பள்ளிக்காரர்களும் செய்ய வேண்டும் என்ற ஆசையில்தான் இதை எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: படித்து முடித்தவர்களை மட்டும் வைத்து ஒரு பள்ளியின் வரலாற்றை எழுதாதீர்கள். நடுவில் நின்றவர்களும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் பதிவேடு

சேர்க்கைப் பதிவேட்டில் ஆரம்பியுங்கள். அட்மிஷன் ரெஜிஸ்டர் என்றால்தான் அலுவலகத்தில் சட்டென்று புரியும். வேறு எந்தக் காகிதத்தைக் கழித்தாலும் இதைக் கழிக்க மாட்டார்கள், ஏனென்றால் நாற்பது வருஷம் கழித்தும் ஒருவர் வந்து டி.சி. நகல் கேட்பார். பள்ளி தொடங்கிய ஆண்டிலிருந்து எல்லாத் தொகுதியும் இருக்க வாய்ப்புள்ள ஒரே ஆவணம் இதுதான்.

தலைமை ஆசிரியருக்கு ஒரு பக்கத்தில் கடிதம் கொடுங்கள். யார் நீங்கள், எந்த ஆண்டு வரைக்குமான பதிவேடு வேண்டும், எதற்கு என்று மூன்று விஷயம் போதும். 'பதிவேட்டை வெளியே எடுத்துச் செல்ல மாட்டோம், தனி நபர் விவரம் எதையும் வெளியிட மாட்டோம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஜூன் மாதம் போகாதீர்கள், சேர்க்கை நேரம். பொதுத் தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலிலும் வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் கொஞ்சம் மூச்சு விடுவார்கள். அலுவலக உதவியாளரிடம் பணிவாகப் பேசுங்கள். பீரோ சாவி அவரிடம்தான் இருக்கும், எந்தத் தொகுதி எந்த மூட்டைக்குள் கிடக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

கடற்கரைக் காற்றில் பழைய தாள் நொறுங்கும். எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. மேல் மூலையைப் பிடித்து, உள்ளங்கையைத் தாளுக்கு அடியில் கொடுத்துத் திருப்புங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், சில ஆண்டுகளில் பசை மஞ்சளாகி எழுத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். அனுமதி கிடைத்தால் ஜன்னல் ஓரம் வைத்து ஃப்ளாஷ் இல்லாமல் போனில் படம் எடுக்கலாம். பக்க எண் படத்தில் விழ வேண்டும்.

இனி அதை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். ஒரு வரியில் சேர்க்கை எண், தேதி, பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர், தொழில், முகவரி, தாய்மொழி, முன்பு படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கிய காரணம் என்று வரும். பழைய தொகுதிகளில் அம்மை குத்தியதா என்றுகூட ஒரு கட்டம் பார்க்கலாம். பெரியம்மை இந்த நாட்டை விட்டு 1970-களில்தான் ஒழிந்தது என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

எல்லா வரியையும் எண்ணப் போனால் ஆயுசு போதாது. ஐந்து ஆண்டுக்கு ஒரு ஆண்டு என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆண்டில் சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுங்கள். முதலில் பெற்றோர் தொழில் என்ற கட்டம். வடசென்னையின் கதை முழுக்க அதில் இருக்கிறது. மீன்பிடி, ஹார்பர் கூலி, ரயில்வே, மில் என்று ஒரு காலம். 1955-இல் பெரம்பூரில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் என்ஃபீல்டு, அசோக் லேலண்ட், அப்புறம் அனல்மின் நிலையம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. ஒவ்வொன்றும் சில ஆண்டு கழித்து உங்கள் பதிவேட்டில் ஒரு அப்பாவின் தொழிலாக வந்து நிற்கும். கை ரிக்‌ஷாவை 1973-இல் ஒழித்தார்கள். அதற்குப் பிறகு 'ரிக்‌ஷா' என்று எழுதியிருந்தால் அது சைக்கிள் ரிக்‌ஷா. புளியந்தோப்பு, பெரம்பூர் பக்கத்துப் பள்ளி என்றால் 'பி அண்டு சி மில்' (பக்கிங்ஹாம் அண்டு கர்நாட்டிக் துணி ஆலை) என்ற வார்த்தை எத்தனை முறை வருகிறது, எப்போது குறைகிறது என்று எண்ணுங்கள். 1996-இல் மில்லை மூடினார்கள். அந்த ஆண்டையும் அதற்கு அடுத்த ஆண்டுகளையும் அவசியம் எண்ணிப் பாருங்கள். நீங்கிய காரணம் என்ற கட்டத்தை அதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

தாய்மொழிக் கட்டத்தையும் விடாதீர்கள். தமிழுக்குப் பக்கத்திலேயே தெலுங்கு, உருது நிறைய வரும். இப்போதைய தொகுதிகளில் இந்தி, ஒடியா. வியாசர்பாடிப் பக்கம் என்றால் 1960-களில் பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் கிடைப்பார்கள். முன்பு படித்த பள்ளி என்ற இடத்தில் ரங்கூன் என்று இருந்தால் அந்த வரியைத் தனியாகக் குறித்து வையுங்கள், அந்த வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

பிறந்த தேதியை மட்டும் நம்பி வயது கணக்குப் போடாதீர்கள். பிறப்புச் சான்று இல்லாத காலத்தில் பிள்ளைக்கு ஐந்து வயது நிறையும்படி ஒரு மே மாதத் தேதியை ஆசிரியரே போட்டுவிடுவார். ஒரே வகுப்பில் பாதிப் பேருக்கு மே, ஜூனில் பிறந்தநாள் வருவது அதனால்தான்.

சாதிக் கட்டம் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எண்ணிக்கையாக எடுக்கலாம், ஒரு பெயரோடு சேர்த்து எங்கேயும் எழுதக் கூடாது, படமும் போடக் கூடாது. பிள்ளைகளை வைத்து எண்ணும்போது அந்தக் கட்டத்தின் மேல் ஒரு அட்டையை வைத்து மறைத்துவிட்டுக் கொடுங்கள். பக்கத்து பெஞ்சில் இருப்பவளின் ஆயா பெயர் அதில் இருக்கலாம்.

வெளியே தேட வேண்டியவை

உங்கள் பள்ளி இப்போது யாருடையது, முன்பு யாருடையதாக இருந்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் ரிப்பன் மாளிகையில் கல்வித் துறை. திருவொற்றியூர், மணலி பக்கம் கதை வேறு. அவை 2011 வரை தனி நகராட்சிகள். சென்னை மாவட்டத்துக்குள் வந்ததே 2018-இல்தான். அதற்கு முன்னால் திருவள்ளூர் மாவட்டம், 1997-க்கு முன்னால் செங்கற்பட்டு மாவட்டம். பழைய கோப்பு எந்த ஊர் அலுவலகத்தின் பெயரில் கிடக்கும் என்பது இதைப் பொறுத்தது. 1975-ஆம் ஆண்டுக் கோப்பைச் சென்னை அலுவலகத்தில் போய்க் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், உண்மையும் அதுதான்.

நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். 'பள்ளியின் வரலாறு வேண்டும்' என்று கேட்டால் ஒன்றும் வராது. 'இப்பள்ளி உயர்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தப்பட்ட அரசாணையின் எண், நாள், நகல்' என்று கேளுங்கள். ஒரு மனுவில் இரண்டு மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம். அரசாணை எண் கையில் வந்துவிட்டால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதைத் தேடுவது சுலபம். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். பழைய நாளிதழ்களை அங்கே கேட்டுப் பாருங்கள். நிலம் யார் கொடுத்தது என்பதைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

பள்ளிக்குள்ளேயே இன்னும் இருக்கிறது: பள்ளியில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் புக், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் தீர்மான நோட்டு, தளவாடச் சாமான் பதிவேடு. தளவாடப் பதிவேட்டை யாரும் மதிக்க மாட்டார்கள். முதல் மின்விசிறி எந்த ஆண்டு வந்தது, பெஞ்சு வரும் வரைக்கும் எத்தனை வகுப்பு தரையில் உட்கார்ந்தது என்பதெல்லாம் அதில்தான் கிடைக்கும்.

ஆளைப் பிடித்துப் பேசுவது

இதுதான் முக்கியமான வேலை. அதிக நாள் ஒதுக்க வேண்டியதும் இதற்குத்தான்.

முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டால் பத்துப் பேர் வருவார்கள். அவர்கள் வங்கியிலும் ஐ.டி. கம்பெனியிலும் இருப்பவர்கள். அவர்களிடமும் பேசுங்கள், தவறில்லை. ஆனால் பதிவேட்டில் 'தொடர் வருகையின்மையால் நீக்கம்' என்று எழுதியிருக்கும் பெயர்களை ஒரு தனி நோட்டில் எழுதி, அந்தத் தெருக்களுக்குப் போங்கள். டீக்கடை, ரேஷன் கடை, கோயில் வாசல், மீன் மார்க்கெட் என்று கேட்டுக்கொண்டே போனால் பாதிப் பேர் கிடைத்துவிடுவார்கள். வடசென்னையில் ஆள் வீடு மாறினாலும் பேட்டை மாறுவது குறைவு. குடிசை மாற்று வாரிய வீடு கிடைத்து கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று போனவர்கள் உண்டு. அவர்களுடைய விலாசமும் பழைய தெருவில் யாரிடமாவது இருக்கும்.

மீனவர் வீடுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை போங்கள். விசைப்படகு கடலுக்குப் போகாத தடைக்காலம். ஆண்கள் கரையில் வலை பின்னிக்கொண்டு, படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டு இருப்பார்கள். கை வேலை செய்யும்போது வாய் தாராளமாகப் பேசும். மற்ற மாதங்களில் விடியற்காலை ஏலம் முடிந்து வந்தவரைப் பிடித்து உட்கார வைப்பது பாவம்.

'உங்கள் பள்ளி நாட்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று கேட்காதீர்கள். 'நல்லா இருந்துச்சும்மா' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். சின்னதாகக் கேளுங்கள். எந்த வழியாக நடந்து வருவீர்கள், லெவல் கிராஸிங்கில் கேட் போட்டிருந்தால் என்ன செய்வீர்கள்? மதியம் தட்டு வீட்டிலிருந்து கொண்டு வந்ததா, பள்ளியில் கொடுத்ததா? மணி எதில் அடித்தார்கள்? மழை பெய்தால் எந்த வகுப்பு ஒழுகும்? கட்டுரை நோட்டு வாங்கக் காசு இல்லாதபோது யாரிடம் கேட்டீர்கள்? பெண்களிடம் கழிப்பறை இருந்ததா என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் எந்த வகுப்பில் நின்றார்கள் என்பதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருந்தது. பதிவேட்டில் 'குடும்ப சூழ்நிலை' என்றுதான் எழுதியிருக்கும்.

ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது, சம்பவம் நினைவிருக்கும். அதனால் கையில் ஒரு ஆண்டுப் பட்டியலை வைத்துக்கொள்ளுங்கள். 'அண்ணா இறந்தப்போ நீங்க எத்தனாவது?' என்று கேட்டால் அந்தத் தலைமுறையில் எல்லாரும் பதில் சொல்வார்கள். அது 1969 பிப்ரவரி. எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். பள்ளியிலேயே பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியதாகச் சொன்னால் 1978-க்குப் பிந்தியவர் அல்ல. அந்த ஆண்டோடு பழைய முறை முடிந்து பிளஸ் டூ வந்தது, முதல் பிளஸ் டூ தேர்வு 1980-இல். காலை வணக்கத்தில் நீராருங் கடலுடுத்த பாடிய நினைவு 1970-க்குப் பிறகு. மதிய உணவு என்றால் நன்றாகத் துருவிக் கேளுங்கள், ஏனென்றால் அதில் பல அடுக்கு இருக்கிறது. சென்னை மாநகராட்சி 1920-இலேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுத்தது. நம் வண்ணாரப்பேட்டைக்காரர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்த காலம். காமராசர் திட்டம் 1956-இல். எம்.ஜி.ஆர். சத்துணவு 1982-இல் சின்னப் பிள்ளைகளுக்கு, 1984-இல் பத்தாம் வகுப்பு வரைக்கும். முட்டை 1989-இல். 'முட்டை போட்டாங்களா ஆயா?' என்ற ஒரு கேள்வியில் ஒருவர் எந்தக் காலத்தில் படித்தார் என்று பிடித்துவிடலாம்.

மூலக்கொத்தளத்தில் நடராசன், தாளமுத்து நினைவிடம் இருக்கிறது. இந்தி எதிர்ப்பில் சிறை சென்று 1939-இல் உயிர் விட்டவர்கள். 1965-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தபோது உங்கள் பள்ளியில் என்ன நடந்தது என்று எழுபது வயதைத் தாண்டியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 கடற்கரையோரப் பள்ளிகளுக்குத் தனி அத்தியாயம். அரையாண்டு விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை. ஜனவரியில் பள்ளி திறந்தபோது வகுப்பறையில் குடும்பங்கள் தங்கியிருந்தால், பாடம் எங்கே நடந்தது, புத்தகம் போன பிள்ளைக்கு யார் கொடுத்தது என்று கேளுங்கள்.

ஒரு பேட்டியைச் சொல்கிறேன், எப்படிப் போகும் என்று தெரியும். மீன் விற்கும் ஒரு அம்மா. எட்டாம் வகுப்பு நடுவில் நின்றவர். வீட்டு வாசலில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். 'நான் என்னா படிச்சேன்னு என்கிட்ட கேக்க வந்த டீச்சர்? பாஸானவங்களப் போய்க் கேளு' என்றார். நான் படிப்பைப் பற்றிக் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் உட்காருவீர்களா, சுவர்ப் பக்கமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, 'ஜன்னல் பக்கம். அங்கருந்து ரயிலு தெரியும். கூட்ஸ் வண்டி போனா பெட்டி எண்ணுவோம். கணக்கு டீச்சர் திட்டாது, அதுவும் எங்ககூட எண்ணும்' என்றார். அங்கிருந்து பிடித்துக்கொண்டது. தையல் வகுப்பில் துணி கொண்டு வராதவர்களுக்கு டீச்சர் தன் பழைய புடவையைக் கிழித்துக் கொடுத்தது, பூப்படைந்ததும் நைனா பள்ளிக்கு அனுப்பாதது, நின்ற பிறகும் மதிய நேரத்தில் கேட் அருகே வந்து தோழிகளைப் பார்த்துவிட்டுப் போனது. 'டீச்சரு ரெண்டு வாட்டி ஊட்டாண்ட வந்துச்சு. நைனாதான் முடியாதுன்ட்டாரு' என்று சொன்னபோது குரல் இறங்கியது. லாக் புக்கில் இந்த வீடு தேடிப் போனது எழுதப்படவில்லை. எங்கள் தொகுப்பில் அந்த ஆசிரியையைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த ஒரே பதிவு இந்த அம்மாவின் பேச்சுதான்.

சத்துணவு சமைத்த ஆயாவை மறக்காதீர்கள். எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வரும், எது தம்பிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போகும் என்று தலைமை ஆசிரியரைவிட அவருக்குத் தெரியும். வாட்ச்மேன், பள்ளி வாசலில் மாங்காய் பத்தை, நெல்லிக்காய் விற்றவர், இவர்களும் பட்டியலில் வர வேண்டும். ஆண் பிள்ளைகளிடம் விளையாட்டைக் கேட்டால் நிறுத்த முடியாது. ஃபுட்பால், கேரம், பாக்ஸிங் என்று நம் பக்கத்தில் பள்ளிக்கும் தெருவுக்கும் நடுவில் ஓடிக்கொண்டிருந்த கதை அது. மைதானம் இல்லாத பள்ளி எங்கே போய் விளையாடியது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள்.

அடி வாங்கியதையும் சொல்வார்கள், தனியாக உட்கார வைத்ததையும் சொல்வார்கள். மாற்றாமல் எழுதுங்கள். யார் செய்தது என்ற பெயரை அச்சில் போட வேண்டாம். அவர் உயிரோடு இருக்கலாம், பதில் சொல்ல அங்கே இல்லை. ஆனால் நடந்ததை எடுத்துவிடாதீர்கள். பள்ளியின் மேல் உள்ள பாசத்தில் இதை மறைத்தால், சொன்னவரை இரண்டாவது தடவை வெளியே நிறுத்திய மாதிரி ஆகும்.

பதிவு செய்ய போன் போதும். கன்டெய்னர் லாரி போகும் சாலையோர வீடு என்றால் உள் அறைக்குப் போய், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுங்கள். தொடக்கத்திலேயே பெயர், தேதி, 'பதிவு செய்யலாமா?' என்ற கேள்வி, அவர் சொல்லும் பதில், எல்லாம் குரலில் விழட்டும். எழுதும்போது அவர் பேச்சைத் திருத்தாதீர்கள். அச்சுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று சொன்ன வரியை எடுத்துவிடுங்கள், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும்.

படங்கள்

குரூப் போட்டோவை ஸ்கேன் செய்து பெரிதாக அச்சடித்து எடுத்துப் போனால் பேட்டிக்கு நடுவில் உதவும். பெயர்களைப் பின்பக்கம் பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் வேண்டாம். மூலப் படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எழுதி அச்சடிப்பது

தலைமை ஆசிரியர்களின் வரிசையில் அத்தியாயம் பிரிக்காதீர்கள், அந்தப் பட்டியல் கடைசிப் பக்கத்தில் இருந்தால் போதும். ஒரு ஆண்டின் ஆறாம் வகுப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று தொடருங்கள். பத்தாண்டுக்கு ஒரு வகுப்பு என்று எழுதினால் பள்ளியும் பேட்டையும் சேர்ந்தே வளர்ந்து வரும். எண்ணிக்கையைச் சொல்லும் இடத்தில் எந்தத் தொகுதி, எந்த ஆண்டு என்று அதே வரியில் எழுதிவிடுங்கள்.

வாழ்த்துச் செய்திக்கு ஒரு பக்கம் போதும் என்று குழுவில் முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள், பின்னால் மறுப்பது கஷ்டம். விளம்பரம் வாங்காமல் முடியாது என்றால் கடைசிப் பக்கங்களில் போடுங்கள். விலை வைக்கிறீர்களோ இல்லையோ, பேட்டி கொடுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வீடு தேடிப் போய்ச் சேர வேண்டும். பள்ளி நூலகம், பக்கத்துக் கிளை நூலகம், கன்னிமாரா, தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இவற்றுக்கும் கொடுங்கள். பேட்டி ஒலிப்பதிவுகளை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி இரண்டு பேர் வீட்டில் வையுங்கள். ஒன்று மாடி வீடாக இருக்கட்டும், நம் பக்கம் டிசம்பரில் தண்ணீர் ஏறும்.

புத்தகம் வெளிவந்ததும் 'எங்க அண்ணன் பேர விட்டுட்டீங்க', 'அந்த வருஷம் இல்ல, அடுத்த வருஷம்' என்று ஆட்கள் வருவார்கள். அதற்காகப் பின்னால் இரண்டு வெற்றுப் பக்கமும், தொகுத்தவர்களில் ஒருவரின் போன் நம்பரும் கொடுத்திருங்கள். வருவதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். இரண்டாம் பதிப்புக்குப் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.